மஸ்டாங்கின் முன்மூலை நொறுங்கிவிட்டது: ரிப்பேரா, டோட்டல் லாஸா?

கேள்வி சுருக்கமாக இது. கோவையில் ஒருவர் 2018 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறார். மழையில் நெடுஞ்சாலையில் வண்டி வழுக்கி, டிரைவர் பக்க முன்மூலை சென்டர் மீடியனில் மோதிவிட்டது. ஏர்பேக் விரிந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்குக் காயமில்லை. பாலிசியில் ஐடிவி, அதாவது வண்டிக்குக் குறித்த மதிப்பு, 34 லட்சம் ரூபாய். ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் க்ளெய்ம் தரும் ஆட்-ஆன், கிடையாது. சர்வீஸ் சென்டர் 27 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டு, "75 சதவீதம் தாண்டிடுச்சு சார், டோட்டல் லாஸ்தான்" என்கிறது, அதாவது சரிசெய்யாமல் வண்டியை விட்டுவிட்டு ஐடிவியை வாங்கிக்கொள்வது. இன்சூரன்ஸ் கம்பெனியோ, "இது ரிப்பேர் க்ளெய்ம், வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்கிறது. யார் சொல்வது சரி? வண்டியைச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடுவதா?

நீங்கள் கூட வந்தவர்களோடு காயமில்லாமல் இறங்கியதே பெரிது. மோட்டார் க்ளெய்ம் சர்வே, அதாவது இன்சூரன்ஸுக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிடுவது, என் தொழில். அதனால் பணக் கணக்கையும் இரும்பின் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து எடுக்கிற முடிவு பிறகு உறுத்தும்.

முதலில் யார் சொல்வது சரி என்பது. 34 லட்சத்தில் 75 சதவீதம் 25 லட்சத்து 50 ஆயிரம். எஸ்டிமேட் அதைத் தாண்டியிருப்பது உண்மை. ஆனாலும் இன்றைய நிலையில் கம்பெனி சொல்வதற்குத்தான் பாலிசியில் இடமிருக்கிறது. 2002 ஜூலையில் அமலுக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் என்ற வாகன இன்சூரன்ஸ் விதித்தொகுப்பு வகுத்த வாசகம்தான் நம் பாலிசிகளில் இன்றும் பெரும்பாலும் ஓடுகிறது. வண்டியை மீட்கும் செலவும் ரிப்பேர் செலவும் சேர்ந்து, பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸாகக் கருதலாம் என்கிறது அது. "நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்றால் தேய்மானம் கழித்த பிறகு என்றுதான் கம்பெனிகள் எடுத்துக்கொள்கின்றன. சர்வீஸ் சென்டர் காட்டுவது மொத்த பில். கம்பெனி பார்ப்பது தன் கையிலிருந்து போகும் தொகை.

ஐந்து வயது தாண்டி பத்து வயதுக்குள் இருக்கும் வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதம் தேய்மானம். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம். கண்ணாடிக்கும் லேபருக்கும் தேய்மானம் இல்லை. பெயின்ட் பில்லில் கால்வாசியைப் பொருள் செலவு என்று வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டை வகைவாரியாகப் பிரித்தால், உலோகம் 12 லட்சம், பிளாஸ்டிக்கும் ஏர்பேக்கும் டயரும் சேர்த்து 10 லட்சம், கண்ணாடி 1 லட்சம், லேபர் 3 லட்சம், பெயின்ட் 1 லட்சத்து 60 ஆயிரம் வருகிறது. தேய்மானம் போக உலோகத்தில் 7,20,000, பிளாஸ்டிக் வகையில் 5,00,000, கண்ணாடி 1,00,000, லேபர் 3,00,000, பெயின்ட் 1,40,000. கூட்டினால் 17 லட்சத்து 60 ஆயிரம். 1500 சிசிக்கு மேற்பட்ட கார் என்பதால் கட்டாயக் கழிவு 2,000 ரூபாய். ஆகக் கம்பெனி தர வேண்டியது 17,58,000. இது ஐடிவியில் 52 சதவீதத்துக்குக் கீழேதான்.

மிச்சம் 10 லட்சத்து 2 ஆயிரம் உங்கள் பையிலிருந்து. கம்பெனி "ரிப்பேர் க்ளெய்ம்" என்று சொல்வதன் முழு அர்த்தம் இதுதான். போனில் பேசுபவர் இந்த இரண்டாம் பாதியைச் சொல்ல மாட்டார், வேலை முடிந்து டெலிவரி எடுக்கும் அன்று பில்லில்தான் பலர் இதைப் பார்க்கிறார்கள். டோயிங்கிலும் அப்படியே. வழக்கமான பாலிசியில் தனியார் காருக்கு மீட்புச் செலவாக 1,500 ரூபாய் வரைதான். இவ்வளவு தாழ்வான வண்டியை ஃபிளாட்பெட்டில் ஏற்றிவர அது எந்த மூலைக்கு?

ஜீரோ டெப் இருந்திருந்தால் கதையே வேறு. கம்பெனி தர வேண்டியது 27 லட்சத்தைத் தாண்டி, அவர்களே டோட்டல் லாஸ் என்று எழுதிக்கொடுத்திருப்பார்கள். வயதான வண்டிக்கு அந்த ஆட்-ஆன் கிடைப்பது கஷ்டம் என்பதும் தெரியும்.

இன்னொரு கணக்கு கம்பெனிக்குள் நடக்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டோட்டல் லாஸ் என்று வைத்தால் கம்பெனி 34 லட்சத்தையும் இழப்பதில்லை. நொறுங்கிய வண்டியை, அதாவது சால்வேஜை, ஆன்லைன் ஏலத்தில் விட்டு வரும் தொகையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அவர்களுக்கு நஷ்டம். மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் வி8 இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பின்பக்க பாடிக்கும் வாங்க ஆளிருக்கிறது. உதாரணத்துக்கு சால்வேஜ் 15 லட்சத்துக்குப் போனால் கம்பெனியின் செலவு 19 லட்சம். ரிப்பேரில் அவர்கள் செலவு 17 லட்சத்து 58 ஆயிரம். வித்தியாசம் ஒன்றரை லட்சம்கூட இல்லை. வண்டியைப் பிரித்துப் பார்க்கும்போது கூடுதலாக நாலு லட்சத்துக்கு உலோகப் பாகங்கள் வெளிப்பட்டால், தேய்மானம் போக 2 லட்சத்து 40 ஆயிரம் கம்பெனி தலையில் ஏறும். அப்போது அவர்களுக்கே டோட்டல் லாஸ் மலிவாகிவிடும். முன்பக்க மோதலில் பிரித்த பிறகு எஸ்டிமேட் ஏறுவது வாடிக்கை. ஆகவே இன்று வந்திருக்கும் "ரிப்பேர்" என்ற பதில் கடைசிப் பதில் இல்லை. வண்டியைப் பிரிக்காமல் வெளியிலிருந்து பார்த்துப் போட்ட எஸ்டிமேட்டுக்குக் கிடைத்த பதில் அது.

இதனால்தான் சொல்கிறேன், ரிப்பேருக்குச் சம்மதக் கையெழுத்து இப்போது போடாதீர்கள். பிரித்துப் பார்க்க மட்டும் எழுத்தில் சம்மதம் கொடுங்கள். பிரிக்கும்போது சர்வேயர் அங்கே இருக்க வேண்டும், நீங்களும் போய் நில்லுங்கள்.

இனி இரும்பின் கணக்கு. எனக்கு இதுதான் முக்கியம்.

மோதலின் விசை எங்கே நின்றது என்பதுதான் கேள்வி. மஸ்டாங்கின் பாடி எஃகு மோனோகாக், அதாவது சட்டமும் கூடும் ஒரே உடலாகப் பற்றவைத்தது, பானெட்டும் முன் ஃபெண்டர்களும் மட்டும் அலுமினியம். பம்பர் பீம், அதற்குப் பின்னால் ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், ஹெட்லைட், ஃபெண்டர், சஸ்பென்ஷன் ஆர்ம், சப்ஃபிரேம் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கழற்றிப் புதியதைப் போட்டால் வண்டி பழைய வண்டிதான். அதற்கு எவ்வளவு செலவானாலும் பாதுகாப்பில் குறையில்லை. அதற்குப் பின்னால் வருபவைதான் வண்டியின் எலும்பு: முன்பக்கச் சேஸிஸ் ரெயில், சக்கரத்துக்கு உட்புறத் தகடான ஏப்ரன், சஸ்பென்ஷனின் மேல்முனையைத் தாங்கும் ஸ்ட்ரட் டவர், அதைத் தாண்டி டேஷ்போர்டுக்கு முன் நிற்கும் ஃபயர்வால், முன்கண்ணாடியின் பக்கத் தூணான ஏ பில்லர். விசை ரெயிலின் முன்முனையைச் சுருக்கிவிட்டு நின்றதா, ஸ்ட்ரட் டவரைத் தள்ளியதா, ஏ பில்லர் வரை போனதா? இந்த மூன்றுக்கும் விடை மூன்று விதம்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது நீங்களே சில இடங்களைப் பாருங்கள். டிரைவர் கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். இரண்டு கதவு வண்டி, கதவு நீளமும் கனமும் அதிகம். அதனால் பாடி கொஞ்சம் முறுகினாலும் முதலில் கதவில்தான் தெரியும். மூடும்போது பூட்டுக்கு நேராக வராமல் ஒரு சின்னத் தூக்கு தேவைப்பட்டால், அல்லது கதவின் முன்விளிம்புக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பானெட்டுக்குக் கீழே ஸ்ட்ரட் டவரின் அடியில் டார்ச் அடியுங்கள். தகடுகள் சேரும் இடத்தில் பூசியிருக்கும் சீலர் நூலிழைபோல் விரிசல் விட்டிருக்கிறதா, ஸ்பாட் வெல்டைச் சுற்றிப் பெயின்ட் சிறு வட்டமாக உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்தத் தகடு அசைந்திருக்கிறது, வெளியில் எவ்வளவு நேராகத் தெரிந்தாலும். கடைசியாகப் பின்பக்கம் வாருங்கள். கூரை பின் ஃபெண்டரோடு சேரும் இடத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய அலை தெரிகிறதா? முன்னால் வாங்கிய அடி அங்கே வரை போயிருந்தால் எனக்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

கண்ணால் பார்ப்பது சந்தேகத்துக்குத்தான். முடிவுக்கு அளவு வேண்டும். செலெட், கார்-ஓ-லைனர் போன்ற பெஞ்சில், அதாவது பாடியைப் பிடித்து அளக்கும் மேடையில், வண்டியை ஏற்றி, தயாரிப்பாளர் கொடுத்த புள்ளிகளோடு முப்பரிமாணத்தில் ஒப்பிட்டு அளக்கும் வசதி பெரிய பாடி ஷாப்களில் உண்டு. பொதுவாக 3 மில்லிமீட்டர் வரை விலகல் ஏற்கத்தக்கது. அந்த அளவு ரிப்போர்ட்டை அச்சிட்டுக் கேளுங்கள். "அளந்து பார்த்தோம், ஓகே சார்" என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். பெஞ்ச் இல்லாத இடம் என்றால், அங்கே உங்கள் வண்டியின் ரெயிலைத் தொட விடாதீர்கள். வீல் அலைன்மென்ட் சரியாக வந்துவிட்டது என்பதும் அளவுக்கு மாற்று ஆகாது. வளைந்த பாடியிலும் சரிசெய்யும் போல்ட்டை இழுத்து நம்பரைக் கொண்டுவர முடியும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், முன்பக்க ரெயில் ஒரு கணக்கோடு மடங்குவதற்காகவே செய்யப்பட்டது. அது எந்த வேகத்தில் எப்படிச் சுருங்கும் என்பதை வைத்துத்தான் ஏர்பேக் எந்த நொடிக்கூறில் விரிய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறார்கள். உயர்வலிமை எஃகை கேஸ் வெல்டிங் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி இழுத்து நேராக்கினால் பார்வைக்கு நேராகும், ஆனால் அந்த இடத்தின் வலு போய்விடும். அடுத்த மோதலில் அது மடங்க வேண்டிய இடத்தில் மடங்காது. இக்காலக் கார்களில் பில்லர் பகுதிகளுக்குப் பயன்படுத்தும் போரான் எஃகைச் சூடுகாட்டி நிமிர்த்தவே கூடாது, தயாரிப்பாளர் சொன்ன இணைப்பில் வெட்டி முழுப் பாகமாக மாற்றுவதுதான் முறை. நம் ஊரில் டிங்கரிங் வேலையில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த எஃகு அந்தக் கைவேலைக்கு உகந்தது இல்லை, அவ்வளவுதான்.

ஏர்பேக் பற்றி. ஸ்டியரிங்கில் ஒன்று, டேஷ்போர்டில் ஒன்று என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த மஸ்டாங்கில் டிரைவர் முழங்காலுக்கு ஒன்று, பக்கத்து சீட்டுக்காரர் முழங்காலுக்குக் கிளவ் பாக்ஸ் கதவுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. விரிந்த ஒவ்வொன்றோடும் அது கிழித்துக்கொண்டு வந்த டிரிம், இறுகிப் போன சீட் பெல்ட் பிரிடென்ஷனர், மோதலைப் பதிவு செய்துவிட்ட கன்ட்ரோல் மாட்யூல் எல்லாம் மாற வேண்டும். பாதி விலை உங்களுடையது என்பதால், "டேஷ்போர்டைத் தைத்துக் கொடுக்கிறோம், பழைய மாட்யூலையே ரீசெட் பண்ணிடலாம்" என்று யாராவது செலவைக் குறைக்க வருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏர்பேக் இருக்கும் இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி எச்சரிக்கை விளக்கை அணைக்கிற வித்தையும் நடக்கிறது. புதிய பாகங்களின் பில்லையும் சீரியல் நம்பரையும் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

பாகங்கள் கிடைப்பது தனிப் பிரச்சினை. 2016 ஜூலையில் 65 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமான மஸ்டாங், இங்கே முழு வண்டியாக இறக்குமதியானது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடர்கிறது என்றாலும், இந்த மாடலின் ரெயிலோ ஹெட்லைட்டோ அலமாரியில் காத்திருக்காது, வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அமெரிக்காவில் இந்தத் தலைமுறை மஸ்டாங்கின் பாகங்கள் மலிவாகக் குவிந்திருப்பதை இணையத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். உங்களுக்கு அடிபட்டது டிரைவர் பக்கம். டேஷ்போர்டு, ஸ்டியரிங் ராக், இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கான ஒளிவீச்சு உள்ள ஹெட்லைட், இவையெல்லாம் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளுக்கு உரியவையாக இருந்தால்தான் பொருந்தும். எஸ்டிமேட்டில் விலை போட்டிருப்பது ஒன்று, "ஸ்டாக் உண்டு, இத்தனை நாளில் வரும்" என்று எழுதிக்கொடுப்பது வேறு. ஒவ்வொரு பெரிய பாகத்துக்கும் அந்த இரண்டாவதை வாங்குங்கள். ஒரே ஒரு பாகம் வராமல் வண்டி மாதக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்கும்போது, வங்கித் தவணை நிற்காது.

இதைப் படிக்கும் மற்ற ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எஃகு பாடிக்குச் சொன்னதை அப்படியே உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜாகுவார் எஃப்-டைப் முழு அலுமினியம், ரிவெட்டும் பசையும் கொண்டு ஒட்டியது. போர்ஷே 718 அலுமினியமும் எஃகும் கலந்தது. அலுமினியம் ஒருமுறை மடங்கினால் எஃகைப் போல இழுத்த இழுப்புக்குத் திரும்பாது, விரிசல் விடும். எஃகு வேலை நடக்கும் அதே இடத்தில் அதைத் தேய்த்தால் இரும்புத் தூள் ஒட்டி அரிப்பு தொடங்கும், அதற்கென்றே தனித் தடுப்பும் தனிக் கருவிகளும் வேண்டும். மெக்லாரன் போன்ற கார்பன் டப் வண்டிகளில், அதாவது ஆட்கள் உட்காரும் கூடே கார்பன் ஃபைபரில் ஒரே வார்ப்பாக இருப்பவற்றில், டப்பில் விரிசல் என்றால் பேச்சே வேறு.

அதே நேரம், "இவ்வளவு நொறுங்கியதைச் சரிசெய்ய முடியாது" என்பதும் எப்போதும் உண்மையில்லை. பிரிட்டிஷ் நடிகர் ரோவன் அட்கின்சனின் மெக்லாரன் எஃப்1 2011 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்ஷயரில் மோதி மோசமாகச் சேதமடைந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி சுமார் 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு கொடுத்து, தயாரிப்பாளரிடமே வண்டியைச் சரிசெய்ய வைத்தது. அன்று பிரிட்டனின் மிகப் பெரிய கார் ரிப்பேர் பில்லாக அது பேசப்பட்டது. 2015இல் அந்த வண்டி சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றது. வண்டியின் மதிப்பு ரிப்பேர் செலவைவிடப் பல மடங்கு இருந்தது, செய்தவர்களும் வண்டியை உருவாக்கியவர்களே. இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த முடிவு சரியானது. மஸ்டாங் அருமையான வண்டி, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு ஏறும் ரகமில்லை.

உங்கள் வண்டிக்கு என் கருத்து இது. அளவு ரிப்போர்ட்டில் விசை ஸ்ட்ரட் டவருக்கு முன்னாலேயே நின்றது என்று வந்தால், ரிப்பேர் தாராளமாகச் செய்யத்தக்கது. ஆனால் பத்து லட்சம் கையிருப்பில் இருந்து, வண்டியை இன்னும் பல ஆண்டு நீங்களே ஓட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும். ரிப்பேர் செய்து இரண்டு வருடத்தில் விற்கும் எண்ணமிருந்தால் வேண்டாம். முன்பக்கம் மாற்றிய வண்டி என்று தெரிந்ததும் வாங்குபவர் குறைத்துத்தான் கேட்பார், அந்தக் குறைவை நம் ஊர்ப் பாலிசி எதுவும் ஈடுகட்டாது. போட்ட பத்தும் போய், விலையிலும் அடி. ஸ்ட்ரட் டவர் நகர்ந்திருந்தால், முழு ஏப்ரனும் ரெயிலும் புதிதாக வந்து, பெஞ்சில் பொருத்தி, முன்னும் பின்னும் அளவு தருவோம் என்று எழுதித் தரும் இடம் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். ஏ பில்லரோ ஃபயர்வாலோ அளவு தப்பியிருந்தால் விட்டுவிடுங்கள். பணம் இருந்தாலும், அந்த வண்டி மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும். அந்தக் கூட்டுக்குள் உட்காரப்போவது நீங்களும் உங்கள் வீட்டாரும்.

விடுவது என்று முடிவானால் கம்பெனியோடு எப்படிப் பேசுவது? பாலிசி நிபந்தனைப்படி சரிசெய்து தருவதா, பணமாகத் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கம்பெனிக்குத்தான். அதனால் "எனக்கு டோட்டல் லாஸ் வேண்டும்" என்று மட்டும் சொல்வதில் பலனில்லை. பிரித்தபின் வந்த சப்ளிமென்டரி எஸ்டிமேட், அளவு ரிப்போர்ட், பாகம் வராது அல்லது தாமதமாகும் என்ற கடிதம், இவற்றை இணைத்து, ரிப்பேர் பாதுகாப்பாகச் சாத்தியமில்லை என்று இமெயிலில் எழுதுங்கள். சால்வேஜுக்கு ஏலம் கோரிப் பார்க்கும்படி அதிலேயே கேளுங்கள். ஏலத் தொகை கையில் வந்தால், முன்னே சொன்ன ஒன்றரை லட்ச வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர்களே பார்ப்பார்கள். இப்படிப் போகும் தீர்வைத்தான் நெட் ஆஃப் சால்வேஜ் என்பார்கள். கம்பெனி 19 லட்சம் தரும், ஏலத்தில் எடுத்தவர் 15 லட்சம் தருவார், இரண்டும் சேர்ந்து உங்கள் ஐடிவி. கேஷ் லாஸ் என்று இன்னொன்றைச் சொல்வார்கள். ரிப்பேர் பொறுப்பைவிடக் குறைவான ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வண்டியை நீங்களே வைத்துக்கொள்வது அது. கணக்குப் போடாமல் அதற்குத் தலையாட்டாதீர்கள்.

டோட்டல் லாஸ் என்று ஒப்புக்கொண்ட பிறகு, "மார்க்கெட்டில் இந்த வண்டி 28தான் போகிறது" என்று ஐடிவியைக் குறைக்க முயன்றால் ஏற்க வேண்டாம். பாலிசிக் காலம் முழுவதும் அந்த ஐடிவியே சந்தை மதிப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. பாலிசியில் தானே ஏற்ற மதிப்புக்குக் கம்பெனி கட்டுப்பட்டது என்று தர்மேந்திர கோயல் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சர்வேயர் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. சர்வேயரான நானே சொல்கிறேன், எங்கள் ரிப்போர்ட்டில் குறை கண்டால் காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் அதிகாரியான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையான இழப்பீட்டை அவர் தீர்மானிக்கலாம். உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது.

முடிவு வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்து யாருக்கும் காட்டாதீர்கள். ரேடியேட்டர் உடைந்த வண்டி, கூலன்ட் இல்லாமல் ஓடி இன்ஜின் கெட்டால் அது மோதலின் சேதம் இல்லை என்று தனியே தள்ளிவிடுவார்கள். சர்வீஸ் சென்டரின் பார்க்கிங் கட்டணம் எந்தத் தேதியிலிருந்து என்றும் இன்றே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைசியாக ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று. வங்கிக் கடன் பாக்கியிருந்தால் கம்பெனியின் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும், அதன் என்ஓசி இல்லாமல் எதுவும் நகராது. சால்வேஜ் ஏலம் இரண்டு விதம், ஆர்சியோடு ஒரு விலை, ஆர்சி ரத்து செய்து வெறும் பாகங்களாக ஒரு விலை. முதலாவதில் விலை கூடும், தலைவலியும் கூடும். டோட்டல் லாஸ் வண்டிகளின் ஆர்சியையும் சேஸிஸ் நம்பரையும் திருட்டு வண்டிகளுக்குப் பயன்படுத்தும் கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. வண்டி உங்கள் பெயரில் இருக்கும்வரை அது செய்யும் விபத்துக்கும் பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே ஆர்சியோடு கொடுத்தால் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆம் எண் படிவங்களில் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாங்குபவர் பெயருக்கு மாறிவிட்டதை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பார்த்து உறுதி செய்யுங்கள். ரத்து செய்வதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள், அல்லது இயன்ற விரைவில், ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைத்து ரத்துக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி யார்டை விட்டுப் போகுமுன் ஃபாஸ்டேகைக் கண்ணாடியிலிருந்து கிழித்து, வங்கியில் சொல்லி அந்தக் கணக்கையும் மூடிவிடுங்கள்.